செப்புத் தகட்டில் டாக்டர் லாடர்

கிரிஸெல் கரண்டியை நீட்டினாள். டாக்டர் லாடர் வாயைத் திறந்தார், கண்ணைத் திறக்கவில்லை. பார்லிக் கஞ்சியில் பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. அவள் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் கரண்டியை நிரப்பினாள்.

“போதும்” என்றார்.

“இன்னும் ரெண்டு வாய்தான்பா.”

“உள்ள போய் என்ன பண்ணப் போகுது? கால் வீங்கிடுச்சு. நாடி விட்டு விட்டு அடிக்குது. சாயங்காலம் மிச்சக் கஞ்சிய நீதான் குடிக்கணும்.”

சாகக் கிடந்தாலும் வைத்தியர் வைத்தியர்தான். ஹாடிங்டன் ஊரில் எத்தனையோ வீட்டுக் கட்டிலோரத்தில் நின்று சொன்னதை, அதே குரலில் இன்று தனக்கே சொல்லிக்கொண்டார். குரலில் நடுக்கம் இல்லை. கிரிஸெல் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள்.

கண் மூடியிருந்தது நோயினால் அல்ல. காலையில் பாதிரியார் வந்து ஜெபம் செய்தபோது அவை நன்றாகத் திறந்திருந்தன. பார்பரா அத்தை வந்து தலையணையைச் சரிசெய்தபோது திறந்திருந்தன, “என் கழுத்த முறிக்கத்தான் வந்தியா?” என்று தங்கையைப் பார்த்து முறைத்தார்கூட. கிரிஸெல் குனிந்தால் மட்டும் மூடிக்கொண்டன. மற்ற நாட்களில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இப்போது தலையைத் திருப்பத் தெம்பில்லை, அதனால் மூடிக்கொள்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரிஸெலுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பேசுவார், சிரிப்பார், கேலி செய்வார். எல்லாம் அவள் கையிலிருக்கும் தேநீர்க் குவளையோடு, அல்லது அவள் தோளுக்குப் பின்னால் இருக்கும் சுவரோடு. அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்களிடம் சொல்வதுபோல் நாக்கை நீட்டு என்று சொல்ல மாட்டார். மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடியே மருந்து சொல்வார்.

காரணம் ஊருக்கே தெரியும். டாக்டர் கில்பர்ட் லாடர் எழுதிய வைத்தியப் புத்தகம் ஸ்காட்லாந்தில் பைபிளுக்குப் பக்கத்தில் வைக்கப்படுகிற புத்தகம். வைத்தியரைக் கூப்பிட வழியில்லாத வீட்டில் அதுதான் வைத்தியர். அதில் பேர்போன அதிகாரம் பெரியம்மையைப் பற்றியது. அம்மை கண்ட பிள்ளையின் கொப்புளத்திலிருந்து துளி சீழ் எடுத்து, நல்ல பிள்ளையின் கையில் கீறி வைத்தால், லேசாக ஒரு முறை வந்து இறங்கிவிடும். பிறகு ஆயுசுக்கும் வராது. இது கடவுளின் காரியத்தில் கைவைக்கிற வேலை என்று பாதிரியார்கள் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலத்தில், பயப்படாமல் குத்துங்கள் என்று எழுதியவர் அவர். எழுதிய கையோடு தன் மகன் ஹியூவுக்குத்தான் முதலில் குத்தினார். லேசாக வந்து இறங்காமல் முழுதாக வந்துவிடும் பிள்ளைகளும் உண்டு, நூற்றில் ஒன்றோ இரண்டோ. ஹியூ அந்தக் கணக்கில் போய்விட்டான்.

அப்போது கிரிஸெல் தொட்டிலில் இருந்தாள். ஊராருக்குக் குத்திய கை அவளுக்குக் குத்த எழவில்லை. வசந்தம் வரட்டும், குளிர் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். அவளுக்கு ஆறு வயதானபோது அம்மை ஊருக்குள் வந்தது. அவர் புத்தகத்தை நம்பிக் குத்திக்கொண்ட கொல்லன் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் வளையம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வீட்டுப் பெண் இருட்டறையில் கிடந்தாள். பிழைத்து எழுந்தாள். நெற்றியிலிருந்து கழுத்து வரை தழும்பு. இடது கண்ணில் இமைமுடி இல்லை. அதற்குப் பிறகும் புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. அந்த அதிகாரத்தில் அவர் ஒரு வரியையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டியதும் இல்லை, எழுதியது சரிதான். அதைத் தன் வீட்டில் செய்யாமல் விட்டவர் அவர்தான். ஊரெல்லாம் பேசிய இந்தக் கதையை அந்த வீட்டுக்குள் மட்டும் யாரும் பேசவில்லை.

கிரிஸெல் முப்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணப் பேச்சு எழவே இல்லை. அதற்கெல்லாம் அப்பாவை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க அவள் நினைத்ததில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போவதற்கு முன் ஒரே ஒரு தடவை அவர் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மன்னிப்புகூட வேண்டாம். பார்த்தால் போதும்.

எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து விலக்கினாள். அக்டோபர் மாதத்து வெயில் கட்டில் வரைக்கும் வந்தது.

“எதுக்கு இப்ப இது? கூசுது.”

“மூடின கண்ணு எப்படிப்பா கூசும்?”

அவர் உதட்டோரம் லேசாக இழுத்தது. “உங்கம்மா நாக்கு அப்படியே வந்திருக்கு.”

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். தொண்டை வரை வந்ததை வழக்கம்போல் விழுங்கப் பார்த்தாள். இத்தனை வருஷம் விழுங்கியாகிவிட்டது, இனி விழுங்கி வைத்து யாரிடம் சொல்வது?

“அப்பா, என்னப் பாருங்க.”

கீழே அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“ஒரே ஒரு தடவை. நான் எதுவும் கேக்கப் போறதில்ல. திட்டப் போறதுமில்ல. சும்மா பாருங்க.”

போர்வையின் மேல் அவர் கை ஊர்ந்து வந்தது. அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. விரல்கள் பழகிய இடத்தில் போய் உட்கார்ந்தன.

“வேகமா அடிக்குது” என்றார். “ராத்திரி தூங்கினியா, இல்லையா?”

“அப்பா.”

“போய்க் கொஞ்சம் படு. பார்பராவ இங்க உட்காரச் சொல்லு.”

“அத்தை வந்தா கண்ணத் திறப்பீங்க. நான் இருந்தா மாட்டீங்க. அப்படித்தானே?”

மூடிய இமைக்கு அடியிலிருந்து நீர் கசிந்து காதுப் பக்கம் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, அவளும் துடைத்துவிடவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. அழத் தெரிகிறவருக்குப் பார்க்கத் தெரியாதா என்று கேட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் மிகவும் மெலிந்திருந்தன. அவள் கையை விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே இருந்தாள்.

மதியத்துக்கு மேல் மூச்சு மாறியது. இழுத்தது, நின்றது, மறுபடியும் இழுத்தது. அத்தை மேலே வந்து கட்டிலின் மறுபக்கம் மண்டியிட்டாள். அவர் விரல்கள் கிரிஸெலின் நாடியின் மேலேயே இருந்தன. அவர் எப்போது அதை எண்ணுவதை விட்டார் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. அப்போது அவர் கண்கள் பாதி திறந்துகொண்டன.

கிரிஸெல் சட்டென்று குனிந்து தன் முகத்தை அந்தக் கண்களுக்கு நேராகக் கொண்டுபோனாள். சாம்பல் நிறம், ஓரத்தில் கொஞ்சம் பச்சை. இவ்வளவு அருகில் அவள் அவற்றைக் கண்டதே இல்லை. அவற்றில் ஜன்னல் தெரிந்தது. பார்ப்பதற்கு உள்ளே ஆள் இல்லை.

“நகருடி” என்றாள் அத்தை. கையில் இரண்டு செப்புக் காசு வைத்திருந்தாள். “இப்பவே மூடணும். விறைச்சுப் போச்சுன்னா அப்புறம் மூடாது.”

“ஒரு நிமிஷம் அத்தை.”

“எதுக்கு?”

எதற்கு என்று எப்படிச் சொல்வது? கிரிஸெல் நகர்ந்தாள். அத்தை இமைகளை இறக்கிக் காசை வைத்தாள். பிறகு அழுதுகொண்டே வேலையில் இறங்கினாள். சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தினாள், கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள், கிண்ணத்தில் உப்பைக் கொட்டி அண்ணனின் நெஞ்சில் வைத்தாள். “ஹியூ வளந்திருந்தா இப்ப தலமாட்டுல அவன் நின்னிருப்பான்” என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் தச்சன் பெட்டி கொண்டுவந்தான். உடம்பைப் பெட்டியில் வைக்கும்போது நெருங்கிய சொந்தமும் சபை மூப்பர் ஒருவரும் நின்று பார்க்க வேண்டும் என்பது வழக்கம். நின்றார்கள். ஜெபம் முடிந்தது. கிரிஸெல் அப்பாவின் காலரைச் சரிசெய்தாள். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. மூடியை நாளைக்குத்தான் அறைவார்கள். மூப்பருக்கு ஒயினும் சீரகக் கேக்கும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் எடின்பரோ வண்டி வந்து நின்றது.

இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் புத்தக வியாபாரி ஆர்னட். அப்பாவின் புத்தகத்தை இத்தனை வருஷமாக அச்சடித்து விற்பவர். மற்றவர் செப்புத் தகட்டில் படம் வெட்டுகிற மோஃபட்; பருத்த உடம்பு, விரல் ரேகையெல்லாம் மை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆசிரியர் படம் வேண்டும் என்று ஆர்னட் காலம்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போன வசந்தத்தில் கால் வீங்க ஆரம்பித்தபோதுதான் ஒப்புக்கொண்டார். படம் தயார். அவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம் என்று வந்திருக்கிறார்கள்.

“டாக்டர் எழுந்திருச்சிட்டாரா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த ஆர்னட், கூடத்தில் பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அத்தை அவரை உட்கார வைத்தாள். துக்கம் விசாரித்து, ஒயின் குடித்து, பெருமூச்சு விட்டு முடிந்த பிறகு, ஆர்னட் தயங்கித் தயங்கி, படம் அச்சடித்த தாளை எடுத்து நீட்டினார். “கொண்டுவந்தது கொண்டுவந்துட்டேன். நீங்களாச்சும் பாருங்க.”

அத்தை தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். “அட, மூக்கு அப்படியே இருக்கு. மோவாய் அப்படியே. கோட்டுல ஒரு பொத்தான் தொங்குமே, அதுகூட வந்திருக்கு.” பிறகு முகம் சுளித்தாள். “ஆனா கண்ணு? இது எங்கண்ணன் கண்ணே இல்ல.”

“வழியெல்லாம் இதத்தான் நான் இவர்கிட்ட சொல்லிக்கிட்டு வரேன்” என்றார் ஆர்னட். “நாட்டுக்கே வைத்தியம் சொன்ன மனுஷன். படத்துல பார்த்தா ஆப்பிள் திருடி மாட்டிக்கிட்டவர் மாதிரி இருக்கார். கண்ணக் கொஞ்சம் மேல தூக்கி, யோசனையில இருக்கிற மாதிரி வச்சா எவ்வளவு நல்லாருக்கும்.”

“இருந்ததத்தான் வெட்டினேன்” என்றார் மோஃபட்.

“இருந்தது எல்லாத்தையும் வெட்டணும்னு உனக்கு என்ன வேண்டுதலா? மாத்த முடியுமா முடியாதா?”

“முடியும். அந்த இடத்தச் சுரண்டி, தகட்ட பின்பக்கத்துலேருந்து தட்டி மேடாக்கி, தேய்ச்சு, மறுபடி வெட்டணும். மாத்திட்டா மாத்தினதுதான். பழசு திரும்பி வராது.”

ஒயின் தட்டோடு நின்றிருந்த கிரிஸெலிடம் அத்தை தாளை நீட்டினாள். “நீ பாரு. பெத்த பொண்ணு நீ சொல்றதுதான் முடிவு.”

கிரிஸெல் தட்டை வைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். முட்டை வடிவச் சட்டத்துக்குள் அப்பா இருந்தார். பொய்முடி, தொங்கும் பொத்தான், மடியில் விரித்த புத்தகம். அவர் அவளைப் பார்த்தார்.

தாளை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். எப்படித் திருப்பினாலும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனுஷனின் பார்வை இல்லை. பசியோடு இருப்பவன் அடுத்த வீட்டு மேசையைப் பார்க்கிற பார்வை. விலக்கவும் முடியாமல், பார்க்க உரிமையும் இல்லாமல். இந்தக் கண்கள் யாரை இப்படிப் பார்த்தன என்று அவளுக்கு உடனே தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது.

மோஃபட் சாப்பிட அடுப்படிக்குப் போனபோது அவளும் பின்னால் போனாள். அவருக்கு ஆட்டு எலும்பு போட்ட சூப்பை ஊற்றி, ஓட்ஸ் ரொட்டியை எடுத்து வைத்தாள்.

“இந்தக் கண்ணு எங்கேருந்து வந்துது?”

“நீங்களுமா அம்மா?”

“நான் குறை சொல்லல. கேக்கத்தான் கேக்குறேன்.”

மோஃபட் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டார். “மொத ரெண்டு நாளும் சுத்தமா வீண். மரக்கட்டைய உட்கார வச்ச மாதிரி இருந்தார். என்னப் பாருங்கன்னா மேல பார்க்கிறார், கீழ பார்க்கிறார். சரி, உங்களுக்கு எத பார்க்கப் பிடிக்குமோ அதப் பாருங்க, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். மறுநாள் போறேன், அவரே நாற்காலிய மாடி ஜன்னலுக்கு நேரா திருப்பிப் போட்டுவச்சிருக்கார். என்னை ஜன்னல ஒட்டி உட்காரச் சொன்னார்.”

“ஏன்?”

“கீழ கொல்லையில ஒரு பொம்பள துணி உலத்திக்கிட்டிருந்தாங்க. ‘அவ இந்தப் பக்கம் திரும்பினா உடனே சொல்லு’ன்னார்.”

கிரிஸெல் கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள்.

“வேலைக்காரி எதையோ சுருட்டுறா போல, அய்யா நோட்டம் விடுறார்னு நெனச்சேன்” என்றார் மோஃபட். “எனக்கென்ன, கண்ணு நேரா இருந்துது, வெளிச்சம் நல்லாருந்துது. நான் பாட்டுக்கு வரைஞ்சேன்.” சற்று நேரம் அவள் முகத்தைப் பார்த்தார், கூச்சமில்லாமல், தகட்டைப் பார்ப்பதுபோல. “அப்ப வந்தப்பல்லாம் உங்க அத்தைதான் கதவத் திறந்தாங்க. இன்னைக்கு வாசல்ல உங்களப் பார்த்ததும்தான் புரிஞ்சுது. நீங்கதானே அது?”

“நான்தான்.”

“படுக்க விரிப்பு நிறைய இருந்துது. காத்து வேற. முகத்த மறைக்கிற உங்க தொப்பி கழண்டு முதுகுல தொங்குச்சு. ரெண்டு கையும் துணியில இருந்ததால நீங்க எடுத்துப் போட்டுக்கல. பக்கவாட்டுல முகம் நல்லா தெரிஞ்சுது.”

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற பெரிய சலவை. யாரும் பார்க்கவில்லை என்று முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி நின்ற நாள்.

“எவ்வளவு நேரம் பார்த்தார்?”

“கடைசித் துணி போடுற வரைக்கும். கண்ணு கொட்டல. அன்னைக்கு நான் வேற எதையும் வரையல, கண்ண மட்டும்தான் வரைஞ்சேன்.”

“நான் திரும்பினேனா?”

“ஒரு தடவை, கூடைய எடுக்க. ‘திரும்புறாங்க’ன்னேன். டக்குனு புத்தகத்துக்குள்ள மூஞ்சியப் புதைச்சுக்கிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, மன்னிக்கணும். அப்புறம் குனிஞ்சபடியே ‘போயிட்டாளா?’ன்னார்.”

கிரிஸெல் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது. பிறகு தோள் குலுங்கியது, நிறுத்த முடியவில்லை. நேற்று கட்டிலோரத்தில் கெஞ்சியபோது தராததை, அவளுக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்துவைத்திருந்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்குப் பின்னால், காவலுக்கு ஆள் வைத்துக்கொண்டு. அவள் அன்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருந்தால் போதுமே. இல்லை, பார்த்திருந்தாலும் அவர் குனிந்திருப்பார். இதில் எதை நினைத்து அழுவது என்றுகூடத் தெரியாமல் அழுதாள். மோஃபட் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

“அம்மா, மாத்தச் சொல்லாதீங்க” என்றார் கடைசியில். “நீங்க ஒரு வார்த்த சொன்னா ஆர்னட் கம்முனு போயிடுவார். இப்படி ஒரு ஜோடிக் கண்ணு இனி என் கைக்கு வராது.”

அவள் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அப்படியே இருக்கட்டும் என்று சொல்லத்தான் வந்தாள். வீட்டுக்கு வீடு அந்தக் கண்கள் போகட்டும். பெரியம்மை அதிகாரத்தைப் புரட்டுகிற ஒவ்வொருவரும் எழுதியவரின் முகத்தைப் பார்க்கட்டும். வெளியே சொல்லாமல் அவர் வைத்திருந்ததை நாடே பார்க்கட்டும். அந்த ஆசை அவளுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே இருந்தது.

ஆனால் தாள் மறுபடி கைக்கு வந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. வருஷாவருஷம் வசந்தம் வந்தால் அந்த வாசலில் தாய்மார்கள் வந்து நிற்பார்கள், இடுப்பில் பிள்ளையோடு. குத்தலாமா டாக்டர் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர் வார்த்தையை விட அவர் முகத்தைத்தான் கவனிப்பார்கள். அவர்களிடம் அவர் கண்ணை நிமிர்த்திப் பேசுவார். அவர்கள் வீட்டுக்குப் போய்க் குத்துவார்கள். இனி அந்த வாசலில் டாக்டர் இல்லை. இந்தப் படம்தான் இருக்கும்.

“கண்ண மாத்திடுங்க” என்றாள்.

ஆர்னட் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “நல்ல முடிவும்மா. அப்பா கௌரவத்துக்கு—”

“கௌரவத்துக்காக இல்ல. பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு ஊசியக் கையில எடுக்கிறவ, மொதல்ல இந்த மூஞ்சியத்தான் பார்ப்பா. இந்தக் கண்ணப் பார்த்தா அவளுக்குக் கை வராது. கை வராமப் போனா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?”

ஆர்னட் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அத்தை ஏப்ரன் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தாள்.

“தைரியமான ஆளா வெட்டிக் குடுங்க” என்றாள் மோஃபட்டிடம். “மேல பார்க்க வேணாம். நேரா, பயமில்லாம பார்க்கட்டும்.”

மோஃபட் தலையாட்டினார்.

“இந்தத் தாள் எனக்கு வேணும்.”

“அது திருத்தம் குறிக்கிற தாளும்மா” என்றார் ஆர்னட். “புதுசா அடிச்சதும் நல்ல காகிதத்துல பத்து பிரதி நானே அனுப்பி வைக்கிறேன்.”

“எனக்குப் பத்து வேணாம். இது ஒண்ணு போதும். வேற எத்தன அடிச்சீங்க?”

“இது ஒண்ணுதான்” என்றார் மோஃபட். “அத அவங்களே வச்சுக்கட்டும். என்ன மாத்தணும்னு எனக்குத் தெரியும்.” ஆர்னட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மோஃபட் அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் அடக்கம். மூடியை அறைந்தார்கள். ஆண்கள் பெட்டியைத் தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு ஆற்றோரத்துத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள். பெண்கள் கல்லறைக்குப் போகிற வழக்கம் இல்லை. மகன் இருந்தால் தலைமாட்டுக் கயிற்றை அவன் பிடித்துப் பெட்டியை இறக்குவான். தூரத்துச் சொந்தம் ஒருவர் பிடித்தார். தெருவெல்லாம் கூட்டம். கைப்பிள்ளைக்காரிகள் நிறைய வந்திருந்தார்கள், வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகளின் முகமெல்லாம் மாசுமறுவில்லாமல் இருந்தது. கிரிஸெல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு அவர்கள் மேல் பொறாமையும் இருந்தது, அப்பாவை நினைத்துப் பெருமையும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவில்லை.

மணியோசை தேய்ந்த பிறகு மாடிக்குப் போனாள். கட்டிலில் விரிப்பு இல்லை, வெறும் பலகைதான் கிடந்தது. மேசையில் மருந்துப் புட்டிகள் இன்னும் இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் தாளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா பார்த்தார். குனியவில்லை, கண்ணை மூடவில்லை. ஜன்னலோரத்தில் எச்சரிக்கை சொல்ல ஆளும் இல்லை. நெற்றித் தழும்பை, கன்னத்துக் குழிகளை, இமைமுடி இல்லாத கண்ணை எல்லாம் பார்த்தார். ஆறு வயதிலிருந்து அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தாள். முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டவள் அவள்தான்.

“கிரிஸெல்” என்று கீழேயிருந்து அத்தை கூப்பிட்டாள். “அடக்கம் முடிஞ்சு ஆளுங்க திரும்பி பாலம் தாண்டிட்டாங்க. கேக்க வெட்டணும், வா.”

“இதோ வரேன் அத்தை” என்றாள். எழுந்திருக்கவில்லை. தலையை நிமிர்த்தி மறுபடி பார்ப்பதற்கு அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.